ஒரே டேபிள்ல பெயிண்ட்டும் மாவும் வேண்டாம்: மூணு ஆகஸ்ட் 15 சொல்லிக்குடுத்தது

2023 ஆகஸ்ட் 15. எங்க வீட்டு டைனிங் டேபிள்ல ஒரு பக்கம் போஸ்டர் கலர் டப்பா, இன்னொரு பக்கம் ஐசிங் கிண்ணம், நடுவுல ரெண்டு வயசு சின்னவ. கையில பிரஷ். பச்சை போஸ்டர் கலர்ல ஒரு முக்கு முக்கி, அப்படியே ஐசிங்ல விட்டு ஒரு கலக்கு கலக்கி, அதே பிரஷ்ஷை நாக்குல வச்சு ஒரு நக்கு நக்கிட்டா. நான் அடுப்படில இருந்து ஓடி வர்றதுக்குள்ள வாயெல்லாம் பச்சை. டப்பால நான்-டாக்ஸிக்னு போட்டிருந்துச்சு, வாயைக் கொப்பளிக்க வச்சோம், ஒண்ணும் ஆகல, ஆனா அன்னைக்கு சாயந்திரம் வரைக்கும் நான் அவ மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். சுட்டு வச்சிருந்த 22 குக்கியும் எதுல பெயிண்ட் பட்டுச்சு எதுல படலன்னு தெரியாததால குப்பைக்கு போச்சு.

நான்-டாக்ஸிக்னா தப்பித்தவறி கொஞ்சம் வாயில பட்டா பயப்பட வேண்டாம்னுதான் அர்த்தம், திங்கலாம்னு அர்த்தம் இல்ல. இது நமக்குத் தெரியும், ரெண்டு வயசுக்கு தெரியாது. அதுக்கு ஒரு கிண்ணத்துல இருக்குற பச்சையும் இன்னொரு கிண்ணத்துல இருக்குற பச்சையும் ஒண்ணுதான். அதனால முதல்ல இதைச் சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம்: பெயிண்ட்டிங்கும் பேக்கிங்கும் ஒரே நாள்ல வேண்டாம். முந்தின நாள் பெயிண்ட், மறுநாள் மாவு. நடுவுல ஒரு ராத்திரி. டேபிள், பிரஷ், கிண்ணம், துணி எல்லாம் மாறணும். இதை மாத்தினதுக்கு அப்புறம்தான் எங்க வீட்ல ஆகஸ்ட் 15 உருப்படியாச்சு.

நாங்க மதுரை. பெரியவனுக்கு இப்போ ஏழு, சின்னவளுக்கு நாலு. வீட்ல என் அத்தை, அதாவது பிள்ளைங்களுக்கு அப்பத்தா, இருக்காங்க. சுதந்திர தினத்துக்கு பிள்ளைங்களோட கொடி வரைஞ்சு மூவர்ண குக்கி பண்ற இந்த வேலைல ஏன் இறங்கினேன்னு கேட்டா, பெரியவன் ஸ்கூல்ல கொடியேத்தி முடிச்சு ஒன்பதரைக்கு எல்லாம் மிட்டாயோட வீட்டுக்கு வந்துடுவான், அதுக்கப்புறம் நாள் முழுக்க டிவிதான். அத்தை சொல்வாங்க, அவங்க படிக்கும்போது கொடியேத்தினதும் ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சு மிட்டாய் குடுப்பாங்களாம், ஒண்ணை வாயில போட்டுட்டு இன்னொன்னை தம்பிக்குன்னு தாவணி முந்தியில முடிஞ்சு வச்சிருப்பாங்களாம். சுதந்திர தினம்னா அவங்களுக்கு இன்னைக்கும் அந்த மிட்டாய்தான். நம்ம பிள்ளைங்களுக்கும் அப்படி கையிலயும் நாக்குலயும் ஒட்டுற மாதிரி எதாவது இருக்கட்டுமேன்னு தோணுச்சு, அவ்ளோதான். பெரிய தேசபக்தி பிளான் எல்லாம் ஒண்ணும் இல்ல.

2024ல பெயிண்ட்டை தனியா வச்சுட்டேன், ஆனா வேற இடத்துல மாட்டுனேன். கெமிக்கல் கலர் வேண்டாம், எல்லாம் இயற்கையா பண்ணிடலாம்னு ஒரு வீம்பு. அந்த வருஷம் பிப்ரவரிலதான் ரோடமின்-பிங்கற துணிச் சாயம் கலந்திருக்குன்னு தமிழ்நாட்ல பஞ்சு மிட்டாயைத் தடை பண்ணாங்க, அந்தப் பயம் வேற. காவிக்கு மஞ்சத்தூளும் கேரட்டும், பச்சைக்கு பாலக்கீரை சாறு, ரெண்டையும் நேரா குக்கி மாவுலயே போட்டு பிசைஞ்சேன். மாவா இருக்கும்போது அப்படி ஒரு நிறம், போட்டோ எல்லாம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஓவன்ல இருந்து வெளிய எடுத்தா மஞ்ச மாவு செங்கல் கலர்ல இருக்கு, பச்சை மாவு காஞ்ச வேப்பிலை மாதிரி இருக்கு. அத்தை எட்டிப் பாத்துட்டு "என்னம்மா இது, ஆரத்தி கரைச்ச மாதிரி இருக்கு"ன்னாங்க.

அவங்க சும்மா சொன்ன மாதிரிதான் இருந்துச்சு, ஆனா காரணமே அதுதான். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்குதுல்ல, அதே சங்கதி. நான் மாவுல சமையல் சோடா போட்டிருந்தேன், சோடாவும் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளது, மஞ்சள் அதோட சேந்து சூடாகவும் செவந்து பழுப்பாயிடுச்சு. கீரை கதை இன்னும் ஈஸி, கீரையை மூடி போட்டு ரொம்ப நேரம் வேக வச்சா பச்சை போய் ஒரு மாதிரி சேறு கலர் ஆகும்னு சமைக்கிற எல்லாருக்கும் தெரியும், ஓவன்ல கால் மணி நேரம் இருந்தா மட்டும் என்ன மிஞ்சும். பீட்ரூட்டும் அப்படித்தான், சூட்டுக்கு தாங்காது. அதனால அந்த வருஷம் கத்துக்கிட்டது, நிறத்தை உள்ள போடாதே, சுட்டு ஆறினதுக்கு அப்புறம் மேல போடு. ருசி நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லணும். பெரியவன்தான் "மூவர்ணம் எங்கம்மா, ஒரு வர்ணம்தானே இருக்கு"ன்னு கேட்டு மானத்தை வாங்கினான்.

இனி 2025. ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, அதுவும் ஆடி மாசத்து கடைசி வெள்ளி. மறுநாள் சனிக்கிழமை கிருஷ்ண ஜெயந்தி. அத்தை ஒரு வாரம் முன்னாடியே சொல்லிட்டாங்க, "ஆடி வெள்ளி அன்னைக்கு வீட்ல முட்டை உடைக்கக் கூடாது, சொல்லிட்டேன்." சரி, முட்டை இல்லாமலே பண்ணிக்கலாம், நல்லதுதான், காரணம் பின்னாடி சொல்றேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்ததும் பெயிண்ட். ஹால்ல பழைய பெட்ஷீட் விரிச்சு தரையிலயே உக்கார வச்சுட்டேன், டேபிளே வேண்டாம், சேர்ல இருந்து எட்டி எட்டி வரையிறதாலதான் பாதி கொட்டுது. தண்ணிக்கு அடி அகலமான கிண்ணம், டம்ளர் வச்சா நிச்சயம் கவிழும். கலர் டப்பாவை அப்படியே கையில குடுக்காதீங்க, ஒரு தட்டுல சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் நாலும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தி வச்சா போதும். காவி கலர்னு தனியா வாங்கவே வாங்காதீங்க, அதைக் கலக்கறதுலதான் மஜாவே இருக்கு. மஞ்சளை முதல்ல எடுத்து அதுல சிவப்பை துளித்துளியா விடணும், நாலஞ்சு பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கு சிவப்பு. மாத்தி சிவப்புல மஞ்சளை ஊத்துனா ஒரு டப்பா மஞ்சள் காலியாகும், காவி வராது. சின்னவ கலக்கிக் கலக்கி பாத்துட்டு "அப்பத்தா மிட்டாய் கலர் வந்துடுச்சு"ன்னு கத்துனா பாருங்க, அதுக்கப்புறம் அவ வரையவே இல்ல, பத்து நிமிஷம் கலக்கிட்டே இருந்தா. நான் விட்டுட்டேன்.

பேப்பர் விஷயத்துல ஒரு கணக்கு இருக்கு. கொடியோட உயரமும் நீளமும் 2க்கு 3. ஏ4 பேப்பர் அந்த அளவுல வராது, கொஞ்சம் குட்டையா தெரியும். ஏ4ல 18 சென்டிமீட்டர் உயரம் 27 நீளம்னு வெட்டிக்கிட்டா சரியா வரும், மூணு பட்டையும் 6 சென்டிமீட்டர், ஸ்கேல் வச்சு பெரியவனே கோடு போட்டான். சாதா ஏ4 தண்ணி பட்டா சுருண்டுக்கும், டிராயிங் நோட்டு பேப்பர் இல்ல சார்ட் பேப்பர் எடுங்க. நடு பட்டை முழுசுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. சின்ன பிள்ளைங்க கைக்கு கோடு எல்லாம் ஒரு பொருட்டே இல்ல, காவியும் பச்சையும் ஈரமா நடுவுல சந்திச்சா சாணி கலர்தான். டேப் ஒட்டினா அவங்க இஷ்டத்துக்கு இழுக்கலாம், காஞ்சதும் மெதுவா உரிச்சா உள்ள வெள்ளை பளிச்சுன்னு இருக்கும். அந்த உரிக்கிற நிமிஷம் ரெண்டு பேரும் மூச்சே விடல. ஒட்டுறதுக்கு முன்னாடி டேப்பை ஒரு தடவை துணியில ஒட்டி எடுத்துட்டு ஒட்டுங்க, இல்லன்னா உரிக்கும்போது பேப்பரும் கூட வரும், எனக்கு முதல் பேப்பர் கிழிஞ்சுச்சு.

சக்கரம்தான் எல்லார் வீட்லயும் அழுகை வர்ற இடம். 24 ஆரம். பெரியவனுக்கு எண்ணிக்கை சரியா வரணும், 24 இல்லன்னா அது தப்புக் கொடி. போன தடவை கையால போட்டு 19 வந்து, நடுவுல இடம் இல்லாம ஒண்ணுமேல ஒண்ணு போட்டு, பேப்பரைக் கசக்கிப் போட்டு அழுதான். இந்த தடவை மடிச்சு பாத்தோம். சின்னவ வளையலை வச்சு ஒரு வட்டம் வெட்டிக்கங்க. அதை பாதியா மடிங்க. அந்த அரைவட்டத்தை விசிறி மாதிரி மூணா மடிங்க, இதுதான் கஷ்டம், இதை பெரியவங்க பண்ணிக் குடுங்க. அப்புறம் திரும்ப பாதி, திரும்பவும் பாதி. பிரிச்சா நடுவுல இருந்து 24 மடிப்பு. ரெண்டு, ஆறு, பன்னெண்டு, இருபத்துநாலு. வெறும் பாதி பாதியாவே மடிச்சிட்டு போனா 16 வரும், இல்லன்னா 32 வரும், 24 வரவே வராது, நடுவுல அந்த மூணு கண்டிப்பா வேணும். மடிப்பு மேல நீல ஸ்கெட்ச்சை ஓட விட்டு, கொடி நடுவுல ஒட்டிட்டான். ஒண்ணு விடாம நாலு தடவை எண்ணி பாத்தான். 15 டிகிரிக்கு ஒண்ணுன்னு பாகைமானி வச்சும் போடலாம்தான், ஆனா ஏழு வயசுக்கு பாகைமானியை விட மடிப்பு நல்லா புரியுது.

ஒட்டும்போதுதான் கேட்டான், காந்தி படத்துல எல்லாம் ராட்டை இருக்கே, கொடில ஏன் ராட்டை இல்லன்னு. முன்னாடி இருந்துச்சுடா, 1931ல காங்கிரஸ் ஏத்துக்கிட்ட கொடில இதே மூணு கலர், நடுவுல ராட்டை, அப்புறம் 1947 ஜூலை 22 அன்னைக்கு அரசியல் நிர்ணய சபைல இப்போ இருக்குற கொடியை முடிவு பண்ணும்போது ராட்டைக்கு பதிலா அசோகர் சக்கரம் வந்துச்சு, சாரநாத் தூண்ல இருக்கறதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அப்போ கொடிகாத்த குமரன் கையில இருந்த கொடில ராட்டைதான் இருந்திருக்கும், இல்லம்மா?" அவனுக்கு ஸ்கூல்ல மாறுவேடப் போட்டிக்கு குமரன் வேஷம் போட்டுவிட்டது நான்தான், கையில சக்கரம் போட்ட கொடி குடுத்ததும் நான்தான். குமரன் திருப்பூர்ல அடிபட்டது 1932 ஜனவரி. கணக்கு சரியாத்தான் இருக்கு. எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு நாளும் இது தோணினதில்ல.

இந்த நேரத்துல சின்னவ தன் கொடியை முடிச்சிருந்தா. மேல பச்சை, கீழ காவி. பெரியவன் ஆரம்பிச்சுட்டான், தப்பு, தலைகீழ், அப்படி வைக்கவே கூடாது, மிஸ் சொன்னாங்கன்னு. கொடியைத் தலைகீழா பறக்கவிடக் கூடாதுங்கறது விதி, அது உண்மைதான். அவ உதட்டைப் பிதுக்கிட்டா. நான் வேற பேப்பர் எடுக்கவான்னு யோசிக்கறதுக்குள்ள அத்தை வந்து ஒண்ணும் பேசாம அந்தப் பேப்பரைப் பிடிச்சு ஒரு திருப்பு திருப்பி வச்சுட்டுப் போயிட்டாங்க. மேல காவி வந்துடுச்சு. அவ்ளோதான் விஷயம், எனக்கு ஏன் தோணலன்னு தெரியல. ஆனா வெள்ளைல ஒரு மூலைல அவ பேரோட முதல் எழுத்தை எழுதி வச்சிருந்தா, அது இப்போ தலைகீழ். "நான் தலைகீழா நின்னு எழுதுனேன்"னுட்டா. கொடி மேல எதுவும் எழுதக்கூடாதுன்னும் விதி இருக்கு, அதனால பேர் எழுதறதுன்னா பேப்பருக்கு பின்னாடி எழுதச் சொல்லி முதல்லயே சொல்லிடுங்க, நான் சொல்ல மறந்துட்டேன். நாலு வயசு கிறுக்கினதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, ஆனாலும் பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல.

மிச்சம் இருந்த கலர்ல வெண்டைக்காயை குறுக்க வெட்டி அச்சு வச்சாங்க, பூ மாதிரி வரும், அதுக்கு விளக்கமே தேவையில்ல. காம்புப் பக்கம் நீளமா விட்டு வெட்டுங்க, பிடிக்க வாகா இருக்கும்.

ராத்திரி தூங்கப் போகும்போது பெரியவன் ஒரு கேள்வி கேட்டான் பாருங்க. "அம்மா, நாளைக்கு குக்கில கொடி போட்டா, அதைக் கடிச்சு சாப்பிடலாமா? கொடியை மிதிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது, கடிக்கலாமா?"

உண்மையச் சொன்னா, எதிர் பிளாட்காரரும் போன வருஷம் சிரிச்சுக்கிட்டே "பாத்தும்மா, கேஸ் ஆகிடப் போகுது"ன்னு சொல்லியிருந்தார். அப்படி ஒரு கேஸே நடந்திருக்கு. 2013 கிறிஸ்துமஸுக்கு கோயம்புத்தூர்ல ஒரு விழால இந்தியா மேப்பும் மூவர்ணமும் அசோக சக்கரமும் போட்டு ஆறுக்கு அஞ்சு அடில பெரிய கேக் வெட்டி, ரெண்டாயிரத்து ஐநூறு பேருக்கு மேல குடுத்திருக்காங்க, அதுமேல ஒருத்தர் புகார் குடுத்து, 1971 தேசிய கவுரவ அவமதிப்பு தடுப்புச் சட்டத்துல போய், கடைசில 2021 மார்ச்ல சென்னை ஐகோர்ட், கேக் வெட்டினது அவமதிப்பு ஆகாது, அவமதிக்கணும்ங்கற எண்ணம் இருக்கான்னுதான் பாக்கணும்னு சொல்லி கேஸை ரத்து பண்ணிடுச்சு. அதனால சட்டப்படி வீட்ல பிள்ளைங்களோட குக்கி பண்றதுக்கு பயப்பட ஒண்ணும் இல்லன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். ஆனா அவன் கேட்டது சட்டம் இல்லையே. அவன் கேட்டது பல்லு படலாமாங்கறது. அன்னைக்குத்தான் நாலு தடவை எண்ணி எண்ணி 24 ஆரம் போட்டவன்.

அதனால முடிவு பண்ணினோம், குக்கில கொடியும் இல்ல, சக்கரமும் இல்ல. ஒரு குக்கிக்கு ஒரு நிறம். காவி குக்கி, வெள்ளை குக்கி, பச்சை குக்கி. வேலையும் பாதி ஆச்சு, ஏன்னா ஒரே குக்கில மூணு பட்டை ஐசிங்கை ஒண்ணோட ஒண்ணு கலக்காம போடறது பெரியவங்களுக்கே வராது, சின்ன பிள்ளைங்க எங்க போடும்.

மாவு ரொம்ப சிம்பிள், 1, 2, 3ன்னு ஞாபகம் வச்சுக்கங்க. 100 கிராம் சர்க்கரை, பொடிச்சது, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா. ஒரு சிட்டிகை உப்பு, வெண்ணெய்லயே உப்பு இருந்தா அதுவும் வேண்டாம். கொஞ்சம் ஏலக்காய். சோடாவும் கிடையாது பேக்கிங் பவுடரும் கிடையாது, அதைப் போட்டா உப்பி விரிஞ்சு வட்டம் எல்லாம் வடை மாதிரி ஆகும், மேல ஐசிங் போட தட்டையான இடம் கிடைக்காது. வெண்ணெயும் சர்க்கரையும் நல்லா குழைச்சு அப்புறம் மைதா, மாவு சேரலன்னா ஒரு ஸ்பூன் பால், அதுக்கு மேல வேண்டாம். சப்பாத்திக்கு மாதிரி அழுத்திப் பிசையக் கூடாது, சேத்துப் பிடிச்சா போதும், பிசைஞ்சா குக்கி கடிபடாது.

மதுரை வெயிலுக்கு வெண்ணெய் அஞ்சு நிமிஷத்துல எண்ணெய்யாயிடும். மாவை ரெண்டு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு நடுவுல வச்சு அரை சென்டிமீட்டர் கனத்துக்கு உருட்டி, அப்படியே தட்டோட ஃபிரிட்ஜ்ல அரை மணி நேரம் வச்சுடுங்க. நிறைய பேர் உருண்டையா ஃபிரிட்ஜ்ல வச்சு அப்புறம் உருட்டுவாங்க, அது கல்லு மாதிரி ஆகி உருட்ட முடியாம, உருட்டி முடிக்கறதுக்குள்ள திரும்ப உருகிடும். உருட்டிட்டு வைக்கறதுதான் நம்ம ஊருக்கு சரி. அந்த அரை மணி நேரத்துல பிள்ளைங்களுக்கு சாப்பாடு போட்டுடலாம். வெட்டறதுக்கு குட்டி எவர்சில்வர் டம்ளரை கவுத்தினா போதும், கட்டர் எல்லாம் வேண்டாம். பாதி மாவை வெட்டும்போது மீதி பாதி ஃபிரிட்ஜ்லயே இருக்கட்டும்.

வேகாத பச்சை மாவைத் திங்க விடாதீங்க. இதுதான் நான் முன்னாடி சொன்ன முட்டை விஷயம். முட்டை இல்லன்னா கிண்ணத்தை வழிச்சு நக்குனாலும் அவ்வளவு பயம் இல்லன்னு நானும் நினைச்சேன், முட்டைல வர்ற கிருமி இல்லதான், ஆனா மைதாவும் பச்சை மாவுதான், வயித்தைக் கெடுக்கற கிருமி அதுலயும் இருக்கலாம். ஆனா நாலு வயசு கிட்ட திங்காதன்னு சொல்லிட்டு இருந்தா ஆகாது, வாய்க்கு வேற வேலை குடுக்கணும். ஒரு கிண்ணத்துல கொஞ்சம் திராட்சையும் முந்திரியும் போட்டு பக்கத்துல வச்சுட்டேன். மாவுக்கு கை, வாய்க்கு கிண்ணம்.

ஓடிஜியை, அதான் வீட்டு கரண்ட் ஓவனை, 170 டிகிரில ப்ரீஹீட் பண்ணி 12ல இருந்து 14 நிமிஷம். ஓரம் லேசா நிறம் மாறினதும் எடுத்துடணும், தொட்டா மெத்துன்னு இருக்கும், வேகலயோன்னு திரும்ப உள்ள தள்ளாதீங்க, ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு வரும். பத்து நிமிஷம் தட்டுலயே விடுங்க, சூட்டோட எடுத்தா உடையும். ஓவன் பக்கம் பிள்ளைங்களுக்கு வேலையே கிடையாது, தரையில சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு அதைத் தாண்டக்கூடாதுன்னு சொல்லிட்டேன், கோடுன்னா மதிக்கறாங்க, அம்மா சொன்னா மதிக்க மாட்டேங்கறாங்க. எனக்கு 39 வந்துச்சு, உடைஞ்சது போக. நடுவுல கரண்ட் போய் ஒரு ஈடு கொஞ்சம் சவசவன்னு ஆச்சு, அதுவும் தீந்துடுச்சு.

ஐசிங்குக்கு பால் வேண்டாம், வெளிய வச்சா இந்த வெயிலுக்கு கெட்டுடும். 100 கிராம் பொடிச்ச சர்க்கரைக்கு மூணு நாலு டீஸ்பூன் தண்ணி, அதுவும் துளித்துளியா, ரெண்டு சொட்டு எலுமிச்சை. ஸ்பூன்ல எடுத்து கோடு மாதிரி விட்டா பத்து எண்றதுக்குள்ள அந்தக் கோடு மறையணும், உடனே மறைஞ்சா தண்ணி ஜாஸ்தி, மறையவே இல்லன்னா கெட்டி. காவிக்கு தண்ணிக்கு பதிலா கேரட் சாறும் ஒரு துளி மஞ்சத்தூளும், இங்க சோடாவும் இல்ல சூடும் இல்ல, எலுமிச்சை வேற இருக்கு, அதனால ஆரத்தி ஆகல, அப்படியே நின்னுச்சு. இளங்காவின்னு வச்சுக்கங்களேன். பச்சைக்கு கீரைச்சாறு போட்டுப் பாத்தேன், நிறம் பிரமாதம், ஆனா பெரியவன் ஒரு வாய் நக்கிட்டு "இது பொரியல் குக்கி"ன்னுட்டான். அந்தக் கிண்ணத்தைக் கொட்டிட்டு பச்சைக்கு மட்டும் கடை ஃபுட் கலர்தான். கலர் வாங்கும்போது எஃப்எஸ்எஸ்ஏஐ (அரசாங்க உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பரும் உள்ள என்ன கலர்னு பேரும் பாக்கெட்ல போட்டிருக்கான்னு பாருங்க, மடிச்ச பொட்டலத்துல லூசா விக்கற பொடி எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். ஒரு தீக்குச்சி முனை அளவு போதும், ஜாஸ்தி போட்டா நாக்கு ரெண்டு நாள் பச்சை.

குக்கி முழுசா ஆறணும். கையை வச்சா சூடே தெரியக் கூடாது, முக்கா மணி நேரமாவது ஆகும், லேசா சூடு இருந்தாலும் ஐசிங் உருகி ஓரமா வழியும். பிரஷ் குடுக்கல, பழைய பயம், அதோட பிரஷ் முடி வேற உதிரும். காது குடையற பஞ்சுக்குச்சி இருக்குல்ல, அந்த இயர்பட் குடுத்தேன், புது பாக்கெட் பிரிச்சு, ஒரு கிண்ணத்துக்கு ஒண்ணுன்னு. முந்தின நாள் மாதிரியே தரையில, ஆனா வேற விரிப்பு, வேற தட்டு. சின்னவ சரியா எட்டு குக்கி போட்டா, அப்புறம் எழுந்து போயிட்டா. கால் மணி நேரம்தான் அவங்க கணக்கு, அதுக்கு மேல உக்கார வச்சா சண்டைதான் வரும். மீதிய பெரியவனும் அத்தையும் போட்டாங்க, அத்தை போட்டதுதான் இருக்கறதுலயே சுத்தமா இருந்துச்சு, கோலம் போடற கை.

காயறதுக்கு பெரிய தட்டுல அடுக்குனோம். பெரியவன்தான் அடுக்கினான். மேல காவி 13, நடுவுல வெள்ளை 13, கீழ பச்சை 13. அடுக்கிட்டு எட்டி நின்னு பாத்து, "அம்மா, இப்போ இதுவும் கொடிதானே?"ன்னான். எனக்கு பதில் வரல. அதுக்குள்ள சின்னவ வந்து கீழ வரிசைல இருந்து ஒண்ணை எடுத்து கடிச்சுட்டா, அவனும் அதுக்கப்புறம் கேக்கல. ஒண்ணை எடுத்துக்கிட்டான்.

எதிர் பிளாட்டுக்கு, மாடிக்கு எல்லாம் குடுத்து விட்டோம். சாயந்திரம் பாத்தா காவியும் பச்சையும் சுத்தமா இல்ல, தட்டுல வெள்ளை மட்டும் ஒன்பது. கலர் இல்லாததை எந்தப் பிள்ளையும் தொடல. அடுத்த தடவை வெள்ளைல மட்டும் கொஞ்சம் தேங்காய்த்துருவல் தூவணும், இல்ல கம்மியா பண்ணணும். அத்தை அதுல ஒண்ணை டீல முக்கி, "முட்டை இல்லாம நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க.

வரைஞ்ச கொடி ரெண்டும் ஷோகேஸ் கண்ணாடில ரெண்டு நாள் இருந்துச்சு. பேப்பர் கொடியை தரையில போடறதோ குப்பையோட வீசறதோ கூடாது, மரியாதையா தனியா அப்புறப்படுத்தணும்னு கொடி விதில இருக்கு, நான் பெரியவனோட டிராயிங் ஃபைல்ல போட்டு வச்சுட்டேன், தூக்கிப் போடற பிரச்சினையே இல்ல. ரோட்டுல கிடக்குற பிளாஸ்டிக் கொடியைத்தான் மறுநாள் காலைல பால் வாங்கப் போகும்போது ரெண்டு மூணு பொறுக்கிட்டு வந்தான், அதை என்ன பண்றதுன்னு இன்னும் மேஜை டிராயர்லயே இருக்கு.

சனிக்கிழமை சாயந்திரம் கிருஷ்ண ஜெயந்திக்கு வாசல்ல இருந்து சாமி ரூம் வரைக்கும் சின்னவ கையை மாவுல முக்கி முக்கி கிருஷ்ணர் பாதம் வச்சோம். ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தா ஒரு எறும்பு வரிசை, பாதத்து ஓரமாவே வந்து, சாமி ரூம் பக்கம் திரும்பாம, நேரா பிள்ளைங்க ரூமுக்குள்ள போகுது. போய்ப் பாத்தா அவ பென்சில் பாக்ஸ். உள்ள ஒரு பச்சை குக்கி, பாதி கடிச்சது, திங்கக்கிழமை ஸ்கூல்ல ஃபிரெண்டுக்குக் குடுக்கன்னு ஒளிச்சு வச்சிருக்கா. அழப் போறான்னு நினைச்சேன். குனிஞ்சு உக்காந்து பாத்துட்டே இருந்தா, அப்புறம் என் கையைப் பிடிச்சு இழுத்து மெதுவா சொல்றா, "சத்தம் போடாதம்மா, அதுங்க பச்சையை மட்டும் எடுத்துட்டுப் போகுதுங்க."